டயரை மாற்றும் முன் வண்டியை ஓட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விழுப்புரம் புறவழிச்சாலை ஓரம் கார் பட்டறை வைத்திருக்கிறேன். "வேகம் 70ஐத் தாண்டினால் சக்கரத்தில் ஊ...ன்னு சத்தம் வருது" என்று வருகிறவர்களில் பலர், யாரோ சொன்னதைக் கேட்டு நான்கு டயரையும் மாற்றிவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். பணமும் போய், சத்தமும் அப்படியே இருக்கும். பார்க்கவே வயிறு எரிகிறது.

சமீபத்தில் திண்டிவனத்திலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். புது டயர், அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது), பேலன்சிங் (சக்கர எடையைச் சமன்செய்வது) எல்லாம் முடித்திருந்தார். ஆனால் எந்தப் பட்டறையிலும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கவில்லை. பட்டறை வாசலில் 30இல் ஒரு சுற்று சுற்றினால் இந்தச் சத்தம் எப்படிக் கேட்கும்?

ஆளில்லாத நேரமாகப் பார்த்து அவரோடு போனேன். 75இல் நியூட்ரலுக்கு மாற்றினேன். இன்ஜின் அடங்கியது, சத்தம் அடங்கவில்லை. அப்போதே இன்ஜின் மேல் சந்தேகம் போயிற்று. ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் திருப்பியதும் சத்தம் ஏறியது, வலப்பக்கம் திருப்பியதும் குறைந்தது. இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச்சக்கரத்தின் மேல்தானே சாய்கிறது? வலப்பக்கம்தான் கோளாறு என்று தோன்றியது. ஆனால் எல்லா வண்டியிலும் இந்தச் சோதனை அச்சுப் பிசகாமல் சொல்லாது. அதனால் ஜாக்கி போட்டு, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். முன்பக்க வலது ஸ்பிரிங்கில் நறநறவென்று அதிர்வு கைக்கே தெரிந்தது. சக்கரம் உரசலின்றிச் சுழல உதவும் வீல் பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால் கிரீஸ் பால்காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது.

2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருகி, அரசூர் பக்கம் நெடுஞ்சாலையே முழுகியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அப்படிச் சக்கரம் முழுக நின்ற வண்டிகளில் இன்ஜினையும் சீட்டையும் பார்த்தார்கள், பேரிங்கை யாரும் பார்க்கவில்லை. பேரிங்கை மூடியிருக்கும் சீல் வழியே கசிந்த தண்ணீர் உடனே காட்டிக்கொடுக்காது. உள்ளே துருப்பிடித்து, மாதக்கணக்கில் கழித்துத்தான் சத்தம் போடும். அதற்கு மேலும் அப்படியே ஓட்டினால் சக்கரமே ஆட்டம் காணும்.

டயர் சத்தமே கிடையாது என்று சொல்லவில்லை. டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் உள்ளங்கையால் தடவினாலே தெரியும். தார்ச் சாலையிலிருந்து சுங்கச்சாவடி கான்கிரீட்டில் ஏறியதும் அந்தச் சத்தம் மாறும். பேரிங் சத்தம் பெரும்பாலும் மாறாது. பேலன்சிங் போயிருந்தால் சத்தத்தை விட ஸ்டியரிங் நடுக்கம்தான் முன்னால் வரும். இவ்வளவையும் பார்க்க அரை மணி நேரம் போதும்.

பேரிங் மாற்றும்போதும் கவனம் வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புது பேரிங்கும் சீக்கிரமே சத்தம் போடும். சீராக அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

பட்டறை வைத்திருக்கும் சக தொழிலாளிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: சத்தம் என்று வந்தால், பில் போடும் முன் வண்டிக்காரரோடு ஒருமுறை நெடுஞ்சாலைக்குப் போய்வாருங்கள். வாடிக்கையாளர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால், அதையும் முதலிலேயே மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக், விழுப்புரம்.