மருந்தின் மாதிரியைக் கிழக்கின் அலுமாரியிலிருந்தும் எடுத்துச் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்து விவகாரம் நாட்டை உலுக்கியதிலிருந்து, ஏதேனும் ஒரு மருந்தின் பாவனை இடைநிறுத்தப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நோயாளிகள் தங்கள் கையிலுள்ள குளிசையைச் சந்தேகத்தோடு பார்க்கின்றனர். அது எந்தச் சோதனையில், எந்த முறையில், எவ்வளவு குறைந்திருந்தது என்ற விபரம் பெரும்பாலும் அவர்களை எட்டுவதில்லை.

மாரடைப்புக்குப் பின்னர் பலர் நாள்தோறும் உட்கொள்ளும் அஸ்பிரினை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட அளவின் 95 முதல் 105 சதவீதம் வரை அதில் அஸ்பிரின் இருக்க வேண்டும் என்பது மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் பிரித்தானிய மருந்து நியமநூலின் விதி. 20 குளிசைகளை நிறுத்துப் பொடியாக்கி, அப்பொடியில் ஒரு பகுதியைச் சோடியம் ஐதரொட்சைட்டு என்னும் காரக் கரைசலுடன் கொதிக்கவைத்து, எஞ்சிய காரத்தை அமிலத்தால் நியமிப்பது, அதாவது அதை நடுநிலையாக்க எவ்வளவு அமிலம் தேவை என்று அளப்பது, நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் முறை. செலவு குறைந்த, நல்ல முறைதான். ஆயினும் அஸ்பிரின் ஈரம் பட்டால் சலிசிலிக் அமிலமாகவும் அசற்றிக் அமிலமாகவும் பிரிந்துபோகும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். பழைய பேணியைத் திறந்ததும் வினாகிரி வாடை வீசுவது அதனால்தான். சிதையாத அஸ்பிரின் மூலக்கூறு ஒன்றுக்கு எவ்வளவு காரம் செலவாகுமோ, அது சிதைந்து உண்டாகும் இரண்டு அமிலங்களுக்கும் சேர்த்து அதே அளவு காரமே செலவாகும். ஆகவே, அசற்றிக் அமிலம் ஆவியாகிப் போகாதவரை, கெட்ட குளிசையும் நல்ல குளிசையும் பியூரெட்டில் (அமிலத்தை அளந்து விடும் குழாயில்) ஏறத்தாழ ஒரே வாசிப்பையே தரும். நியமநூல் சலிசிலிக் அமிலத்துக்குத் தனியாக ஓர் உச்ச வரம்பை விதித்திருப்பது இதற்காகவே. எச்.பி.எல்.சி. எனப்படும் திரவ நிறப்பகுப்பு முறையிலோ, நுண்துகள் நிரப்பிய குழாயினூடாகக் கரைசல் உயர் அழுத்தத்தில் செலுத்தப்படும்போது அஸ்பிரினும் சலிசிலிக் அமிலமும் வெவ்வேறு நேரங்களில் வெளியேறுவதால், ஒவ்வொன்றையும் பிரித்து அளக்க முடிகிறது.

கொழும்பில் மாதிரி எடுத்துச் செய்யப்படும் சோதனை, அன்றைய நாளில் குளிசைக்குள் என்ன இருந்தது என்பதை மட்டுமே கூறும். அதே குளிசை இங்கு வந்து, கச்சான் காலத்து வெக்கையிலும் மாரிக்கால ஈரத்திலும் மாதக்கணக்கில் அலுமாரியில் இருந்து, பெரிய பேணியிலிருந்து எண்ணிக் கடதாசி உறையில் போடப்பட்டு நோயாளியின் வீட்டை அடைகிறது. ‘30 பாகை செல்சியஸுக்கு மேற்படாமல் வைக்கவும்’ என்ற அறிவுறுத்தல் பேணியோடு நின்றுவிடுகிறது. மின்கட்டணத்துக்கு அஞ்சி இரவில் வளிச்சீராக்கியை நிறுத்தும் சிறிய மருந்தகக்காரரை மட்டும் இதற்குப் பொறுப்பாக்குவது நியாயமாகாது.

எனவே, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள வைத்தியசாலைகளிலும் மருந்தகங்களிலும் ஒழுங்காக மாதிரிகளை எடுத்து, சிதைவுப் பொருட்களைப் பிரித்தறியும் முறையிலேயே அவற்றைச் சோதிக்க வேண்டும். முதற்கட்ட வடிகட்டலுக்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. சலிசிலிக் அமிலம் பெரிக் குளோரைட்டுடன் ஊதா நிறம் தரும் என்பது இரசாயனவியல் கற்றவர்கள் அறிந்ததே. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கையில், அவ்வேலையை இங்கேயே செய்து, ஐயத்துக்குரியவற்றை மட்டும் கொழும்பிலுள்ள தேசிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் காலமும் மிஞ்சும்.

அத்துடன், பாவனை நிறுத்த அறிவித்தல் ஒவ்வொன்றிலும் தொகுதி இலக்கத்தோடு சோதனை முறையும் பெறப்பட்ட சதவீதமும் தமிழிலும் அச்சிடப்பட வேண்டும். 94 சதவீதம் இருந்து தவறிய மருந்தும் 40 சதவீதம் மட்டுமே இருந்து தவறிய மருந்தும் ஒன்றல்ல; அவற்றை ஏற்கெனவே உட்கொண்ட நோயாளிக்கு வைத்தியர் கூற வேண்டிய ஆலோசனையும் ஒன்றாக இருக்க முடியாது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.