பதினாறு சொற்கள்

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்குக் கண்தான் காரணம். வலது கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த மறுநாள், கொடியில் காய்ந்த என் வேட்டியைப் பார்த்து "யாருடையது?" என்று கேட்டேன், சரோஜா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாளும் பழுப்பை வெள்ளை என்று நம்பியிருக்கிறேன். இடது கண்ணால் பார்த்தால் பழைய வேட்டி, வலது கண்ணால் பார்த்தால் புது வேட்டி.

படிக்க அனுமதி கிடைத்ததும் எடுத்தது அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் தொகுப்பு. அவரைப் பற்றி உனக்கு எழுதுவதில் உள்நோக்கமும் உண்டு. உன்னைப் போல அவரும் மருத்துவர். நியூ ஜெர்சியில் ரதர்ஃபோர்டு என்ற ஊரில் நாற்பது ஆண்டுகள் வைத்தியம், ஆயிரக்கணக்கில் பிரசவம். இடையில் மருந்துச்சீட்டுத் தாளிலேயே கவிதையைக் கிறுக்கிவைப்பார். நேரமில்லை என்று நீ எழுதுவதை விட்டு எத்தனை வருடமாகிறது?

1922இல் கவிஞர் எலியட்டின் 'பாழ்நிலம்' என்ற நெடுங்கவிதை வந்து எல்லோரையும் மயக்கியது. வில்லியம்ஸுக்கு மட்டும் எரிச்சல். எலியட் கவிதையைத் திரும்ப வகுப்பறைக்குள் தள்ளிவிட்டார் என்று கடைசிவரை குறைபட்டுக்கொண்டார். மறு ஆண்டே வில்லியம்ஸின் 'வசந்தமும் எல்லாமும்' என்ற நூல் வந்தது. அச்சிட்டது முந்நூறு பிரதிதான். அதில் தலைப்புக்கூட இல்லாமல் ஓர் எண்ணோடு இருக்கிறது அந்தச் சிவப்பு வண்டிக் கவிதை. பதினாறு சொற்கள், எட்டு வரிகள். மூன்று சொல்லில் ஒரு வரி, அடுத்து ஒரே ஒரு சொல். மழையில் நனைந்து பளபளக்கும் வண்டி, பக்கத்தில் வெள்ளைக் கோழிகள். அதை நம்பித்தான் எவ்வளவோ இருக்கிறதாம். எது என்று சொல்லமாட்டார்.

தமிழில் கொண்டுவரப் பத்து நாள் மல்லுக்கட்டினேன். வண்டி என்ற சொல்லிலேயே வம்பு: தள்ளுவண்டி என்றால் நம் கண்முன் வாழைப்பழம் விற்பவர் வந்துவிடுகிறார். ஒற்றைச் சக்கரக் கைவண்டி என்றால் வரி பிதுங்குகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, அவர் 'எவ்வளவோ' என்று தொடங்கி நம்மைக் காக்கவைத்துப் பிறகுதான் வண்டியைக் காட்டுகிறார். தமிழ் வாக்கியம் கோழியில் தொடங்கி வண்டிக்கு வந்து, எவ்வளவோ என்பதைக் கடைசியில்தான் சொல்கிறது. திருப்பிப் போட்டால் மேடைப் பேச்சாகிவிடுகிறது. சக்கரத்தையும் வண்டியையும், மழையையும் நீரையும் இரண்டு வரிகளாகப் பிளக்கிறாரே, அந்த இடத்தில் கண் ஒரு கணம் நிற்கிறது. சிவப்பு அப்போதுதான் சிவப்பாகிறது. 'மழை' என்று எழுதி, மடக்கி, 'நீர்' என்று எழுதிப் பார்த்தேன். அது ஒன்றுதான் தேறியது.

பாரிஸுக்கும் லண்டனுக்கும் போய்விட்ட நண்பர்களைப்போல அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. பக்கத்து ஊரான பாட்டர்சனைப் பற்றி ஐந்து நூல்களாக நெடுங்கவிதை எழுதினார். அவ்வூர்ப் பையன் ஆலன் கின்ஸ்பெர்க் தனக்கு எழுதிய கடிதங்களையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டார். பிறகு 1956இல் கின்ஸ்பெர்க்கின் 'ஓலம்' கவிதை நூல் வந்தபோது முன்னுரையும் அவருடையதே. கிரீலி, லெவர்டாவ் என்று அடுத்த தலைமுறைக் கவிஞர்கள் பலர், வரியை எங்கே மடக்குவது என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டார்கள். பக்கவாதம் வந்த பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. புலிட்சர் பரிசு 1963இல் வந்தது, அவர் இறந்த பிறகு.

வைகாசியில் வருகிறேன் என்றாயே, டிக்கெட் எடுத்தாயா? பகல் ரயிலாகப் பார். இடது கண்ணும் முடியும்வரை இரவில் ஸ்கூட்டர் எடுக்கக்கூடாது என்று சரோஜா சாவியை ஒளித்துவைத்திருக்கிறாள். வரும்போது ஒரு மருந்துச்சீட்டுக் கட்டும் கொண்டுவா.

அன்புடன்,
ராமு