பாலிஷ் போடறதுக்கு முன்னாடி கேட்டு எழுதி வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டைச் சுத்தம் பண்றதப் பத்தி இப்போ எங்க பாத்தாலும் ஒரே அட்வைஸ்தான், ஒரு வருஷமா கை படாத பொருளா இருந்தா யோசிக்காம தூக்கிப் போட்டுடுங்கன்னு. உடைஞ்ச சார்ஜருக்கும் காலி டப்பாவுக்கும் இது சரி, ஒத்துக்கறேன். ஆனா எல்லா வீட்லயும் பரண்லயோ பீரோவோட அடித்தட்டுலயோ சில சாமான் இருக்கும், வருஷக்கணக்கா யாரும் தொட்டிருக்க மாட்டாங்க, அது இருக்குங்கற தைரியத்துலதான் தொடாமயே இருப்பாங்க. அதையும் இந்தக் கணக்குல சேத்து வெளிய தள்றாங்க. மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

எங்க வீட்ல பாட்டியோட பட்டன் டப்பா ஒண்ணு இருக்கு. தகர டப்பா, மூடிய நகத்தால நெம்பினாத்தான் திறக்கும், திறந்ததும் மெஷின் எண்ணெயும் துருவும் கலந்து ஒரு வாசனை வரும். பழைய சட்டைங்கள்ல இருந்து வெட்டி எடுத்த பட்டன் எல்லாம் உள்ள இருக்கு, ஒரே ஜாதியா இருக்கறதை நூல்ல கோத்து முடிச்சுப் போட்டு வச்சிருக்காங்க. அதுல சேராம தனியா ஒரு பெரிய பச்சை பட்டன், தாத்தாவோட கோட்டுல இருந்தது, நாலு ஓட்டைல ஒண்ணு தேஞ்சு விரிஞ்சு போயிருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்தா பாட்டி இந்த டப்பாவைத்தான் கையில குடுப்பாங்க, நான் கலர் கலரா பிரிச்சு போர்வை மேல அடுக்கிக்கிட்டே தூங்கிருவேன். காசுக்குப் பெறாத டப்பாதான், ஆனா இன்னிக்கும் மூடியத் திறந்தா போதும், பாட்டி பக்கத்துல உக்காந்து நெத்தியத் தொட்டுப் பாக்கற மாதிரியே இருக்கும்.

இது வெறும் பிரமை இல்ல. கண்ணு பாக்கறது, காது கேக்கறது எல்லாம் மூளையில தலாமஸ்னு ஒரு இடத்தைத் தாண்டித்தான் மத்த பகுதிக்குப் போகும், வாசனைக்கு மட்டும் அந்தச் சுத்து வழி கிடையாது, உணர்ச்சியையும் ஞாபகத்தையும் கவனிக்கற பகுதிங்களுக்கு ரொம்பக் கிட்டத்துலயே போய்ச் சேந்துடும். வாசனை சட்டுனு ஆளை இழுத்துட்டுப் போறதுக்கு அதுதான் காரணம்னு சொல்றாங்க. அதனாலதான் பழைய சாமானைப் பத்திரப்படுத்தறேன்னு நல்லா கழுவி, பாலிஷ் போட்டு, புது பெயின்ட் அடிக்கறதப் பாத்தா எனக்குப் பதறுது. தேஞ்சதும் கீறினதும்தானே அதுல ஒரு ஆள் வாழ்ந்ததுக்கு அடையாளம். இங்க் பேனாவை ஒருத்தரே ரொம்ப வருஷம் எழுதினா நிப்பு அவர் கை சாய்வுக்குத் தகுந்தபடி தேஞ்சிருக்கும், அதைப் புதுசா மாத்திட்டா பேனா நல்லா எழுதும், ஆனா அவர் கை அதுல இருக்காது. டொனால்ட் வின்னிகாட்னு ஒரு பிரிட்டிஷ் குழந்தை டாக்டர், உளப்பகுப்பாய்வாளர், கைக்குழந்தைங்க விடாம பிடிச்சுக்கற போர்வைத்துண்டு, பொம்மை பத்தி 1953ல வெளியான கட்டுரையில இதையேதான் சொன்னார். அந்தத் துண்டு அழுக்கேறி நாத்தமடிச்சாலும் அம்மாக்காரி துவைக்காம விடுவா, ஏன்னா துவைச்சா குழந்தைக்கு அதோட இருந்த தொடர்பு அறுந்து போயிடும்னு அவளுக்குத் தெரியும்னு.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேற ஒண்ணு. நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு மூணு, மூணரை வயசுக்கு முந்தின எதுவும் ஞாபகம் இருக்காது. அந்த வயசுல நாம யார் மடியில இருந்தோம், எதைப் பிடிச்சுக்கிட்டு அழுதோம்னு சொல்றதுக்கு பெரியவங்கதான் இருக்காங்க, இல்லன்னா அந்தப் பொருள் இருக்கு. பெரியவங்க போயிட்டா பொருள் மட்டும் மிஞ்சும், ஆனா அதுக்கு வாய் கிடையாதே. அந்தப் பச்சை பட்டன் தாத்தா கோட்டுலேருந்து வந்ததுன்னு பாட்டி சொல்லாம போயிருந்தா எனக்கு அது வெறும் பட்டன்தான், என் பிள்ளைங்களுக்கு அதுகூட இல்ல, குப்பை. அதனால வீட்ல வயசானவங்க இருக்கறவங்க இந்த வாரமே ஒரு சாமானை அவங்க கையில குடுத்து, இது யாரோடது, எப்ப வந்தது, எப்படி நம்ம வீட்டுக்கு வந்ததுன்னு கேளுங்க, போன்ல குரலை ரெக்கார்ட் பண்ணுங்க, ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி அது கூடவே வைங்க. போட்டோ எடுத்து மெமரி கார்டுல போட்டுட்டா போதும்னு சிலர் சொல்றாங்க, எடுங்க, வேணாங்கல, ஆனா அந்தப் படத்துக்கு வாசனையும் கிடையாது எடையும் கிடையாது.

பழைய போட்டோ வச்சிருக்கறவங்க சீக்கிரம் கவனிக்கணும். கருப்பு வெள்ளைப் படத்துல இருக்கறது வெள்ளித்துகள், ஒழுங்கா வச்சா நூறு வருஷம் தாண்டியும் இருக்கும். கலர் படம் அப்படி இல்ல, அதுல இருக்கறது சாயம், இருட்டுல வச்சாலும் வெளிறும். 1970கள்ல எடுத்த நிறைய படம் இப்போ சிவப்பாத் தெரியறது அதனாலதான், நீலப்பச்சை சாயம் முதல்ல போயிடுது. லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, பண்ணினா திரும்பப் பிரிக்கவே முடியாது. ஒட்டற பசைத்தாள் வச்ச ஆல்பத்துல இருந்தா படத்தை மெதுவா எடுத்துடுங்க, வரலன்னா பிச்சு இழுக்காம அப்படியே ஸ்கேன் பண்ணிக்கோங்க. பின்பக்கம் பேர் எழுதறதுக்கு மெத்துன்னு இருக்கற பென்சில் போதும், பால்பாயின்ட் பேனா அழுத்தினா தடம் முன்னாடி வந்துடும். நியூஸ் பேப்பர் கட்டிங்கை போட்டோ நடுவுல செருகி வைக்காதீங்க (உங்க பேப்பரையே சொல்றேன்னு நினைக்காதீங்க, நாளிதழ் பேப்பர் பெரும்பாலும் மரக்கூழ்ல செஞ்சதுதான், அது பழுத்து மஞ்சளாகறப்போ பக்கத்துல இருக்கறதையும் கெடுத்துடும்). குரல் பதிஞ்ச கேசட் இருந்தா அதைத்தான் முதல்ல டிஜிட்டலாக்கணும், ஏன்னா ஈரம் பட்டா டேப்பு கெட்டுப் போயிடும், ஒரு ஆளோட சிரிப்பு வேற எங்கயும் பதிவாகாம அதுல மட்டும் இருக்கலாம்.

உங்ககிட்ட ஒரு கோரிக்கை. வாரம் ஒரு நாள் ஒரு கால் பக்கம் ஒதுக்கி, வாசகர்கள் அவங்க வீட்ல இருக்கற ஒரே ஒரு பொருளோட படத்தையும், அது யாரோடது, அதை வச்சு யார் என்ன சொன்னாங்கன்னு நாலு வரியும் போடுங்க. பழங்காலத்து விலை உயர்ந்த சாமான்தான் வேணும்னு நிபந்தனை வைக்காதீங்க, உடைஞ்ச பொம்மையும் காது போன கப்பும் வரட்டும். பேப்பர்ல வரும்னு தெரிஞ்சா பேரப்பிள்ளைங்க தாத்தா பாட்டிகிட்ட போய் உக்காந்து கேப்பாங்க. முதல் வாரத்துக்கு ஆள் கிடைக்கலன்னா அந்தப் பட்டன் டப்பாவோட படத்தை நானே அனுப்பறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி