மே மாதம் கோர்தோபா போகிற மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

டிக்கெட் எடுக்கும் முன் தேதியைச் சரிபார்த்துக்கொள். ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபாவில் மே மாதம் முழுக்க விழாதான் என்றாலும், எல்லாம் ஒன்றல்ல. மாதத் தொடக்கத்தில் சதுக்கங்களில் பூச்சிலுவைகளை நிறுத்துவார்கள். அதையொட்டி ஏறக்குறைய இரண்டு வாரம் முற்றத் திருவிழா. மாதக் கடைசியில் ஃபெரியா என்கிற பெரிய சந்தைத் திருவிழா. பக்கத்து நகரமான செவியாவின் ஃபெரியாவில் பெரும்பாலான பந்தல்களுக்குள் அழைப்பு இல்லாமல் நுழைய முடியாது, கோர்தோபாவில் யாரும் நுழையலாம். ஆனால் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் முற்றத் திருவிழாவுக்குப் போ.

அது மேடை போட்டு நடத்தும் விழா இல்லை. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு முற்றத்தைத் திறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். 1921 முதல் நகராட்சி இதற்குப் போட்டி வைக்கிறது. 2012இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. நுழைவு இலவசம். பொதுவாகக் காலை 11 முதல் 2 வரை, மாலை 6 முதல் 10 வரை. இடையில் கதவு சாத்தியிருக்கும். வீட்டார் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் நேரம் அது, தட்டாதே.

சுண்ணாம்புச் சுவர் முழுக்க ஜெரேனியத் தொட்டிகள் தொங்கும். இரண்டாள் உயரத்தில் இருக்கிற தொட்டிக்கு எப்படித் தண்ணீர் விடுகிறார்கள் என்று பார். நீளக் கழியின் நுனியில் சின்னத் தகர டப்பாவைக் கட்டி, தண்ணீர் மொண்டு, தூக்கி, தொட்டியின் வாயில் மெதுவாகச் சாய்ப்பார்கள். வேகமாகச் சாய்த்தால் மண் வழிந்து வெள்ளைச் சுவரில் கோடு விழும். நூற்றுக்கணக்கான தொட்டிகளுக்கும் இப்படி ஒவ்வொன்றாக! அதனால் பூவைத் தொடாதே, படத்துக்காகத் தொட்டியை நகர்த்தாதே. வாசலில் 'புவேனாஸ்' (வணக்கம்) என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போ.

பலர் செய்யும் தவறு, சனிக்கிழமை மாலை சான் பசீலியோவுக்குப் போவது. அந்தப் பேட்டையில் முற்றங்கள் நெருக்கமாக இருப்பதால் கூட்டமும் அங்கேதான். ஒரு வாசலிலேயே வெகுநேரம் வரிசையில் நிற்க வேண்டிவரும். வார நாளில் 11 மணிக்கே அங்கே முடித்துவிட்டு, மாலையில் சாந்தா மரீனா, சான் லொரென்சோ பக்கம் நட. வியானா அரண்மனையில் 12 முற்றங்கள். அதற்குக் கட்டணம் உண்டு, ஆனால் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் என்பதால் விழா நாளில் அதற்கு அவசரமில்லை.

மெஸ்கித்தாவுக்கு, அதாவது இப்போது தேவாலயமாக இருக்கிற பழைய மசூதிக்கு, திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை பொதுவாகக் கட்டணமில்லை. குழுக்களும் வராத நேரம். விழா நாட்களில் மாறலாம் என்பதால் முந்தைய நாளே கேட்டுவை. உள்ளே 850க்கும் மேல் தூண்கள். முதலில் கட்டிய பகுதியில் நிறையத் தூண்கள் பழைய ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து எடுத்தவை. அவற்றின் உயரம் போதாததால்தான் வளைவின் மேல் இன்னொரு வளைவு வைத்துக் கூரையை உயர்த்தினார்கள். வளைவுகளில் சிவப்புப் பட்டை செங்கல், வெளிர் பட்டை கல். ஆனால் அமைச்சர் அல்-மன்சூர் கிழக்கே சேர்த்த கடைசிப் பகுதியில் கிட்டப்போய்ப் பார்: அங்கே எல்லாமே கல், சிவப்பு வெறும் பூச்சு. தெற்கே ஆறு தடுத்ததால்தான் கிழக்கே கட்டினார்கள். தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராப் நடுவில் இல்லாமல் ஒதுங்கி நிற்பதற்கும் அதுவே காரணம். 1236இல் ஊர் கிறிஸ்தவ அரசர் வசமானது. நடுவே எழும்பி நிற்கிற தேவாலயப் பகுதியை 1523இல் தொடங்கினார்கள். மசூதி, தேவாலயம் இரண்டையும் அவசரமில்லாமல் பார்.

வெளியே யாராவது ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணித்தால் வாங்காதே, பிறகு காசு கேட்பார்கள்.

சாப்பாட்டில் சல்மொரெஹோ என்கிற குளிர்ந்த தக்காளிச் சூப்பை விடாதே. ஒரு கிலோ பழுத்த தக்காளிக்கு 200 கிராம் பழைய ரொட்டி, 100 கிராம் ஆலிவ் எண்ணெய், ஒரு பல் பூண்டு, 10 கிராம் உப்பு. அரைத்துக் குளிரவைத்தால் கரண்டியில் நிற்கிற பதம் வரும். மேலே அவித்த முட்டையோடு பன்றி இறைச்சியும் தூவுவார்கள். இறைச்சி வேண்டாமென்றால் 'சின் ஹமோன்' என்று முன்கூட்டியே சொல். மதியச் சாப்பாடு அங்கே 2 மணிக்குத்தான், இரவுச் சாப்பாடு 9க்கு. பையில் பழம் வைத்துக்கொள்.

தலைநகர் மத்ரீதிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், செவியாவிலிருந்து முக்கால் மணிதான். விழா வாரங்களில் அறை கிடைக்காவிட்டால் செவியாவில் தங்கி வந்துபோ. பழைய நகரில் அறை எடுத்தால் சக்கரப் பெட்டி வேண்டாம், கூழாங்கல் பதித்த தெருவில் அது உருளாது. முதுகுப் பையே போதும்.

அன்புடன்,
அம்மா