நான்கு தோல் வரைக்கும்

பூம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே விடாத மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. லீவு முடிவதற்குள் எழுதிவிடுகிறேன்.

“கேன்சர் ஆஸ்பத்திரியில் கார்பனை வைத்து என்னடா செய்கிறாய்?” என்று கேட்டிருந்தாய். நேற்று அம்மாவோடு உட்கார்ந்து மலைப்பூண்டு உரிக்கும்போதுதான் பதில் கிடைத்தது. மேல் தோலெல்லாம் கை பட்டாலே உதிர்கிறது. பல்லோடு ஒட்டிய சவ்வுதான் நகத்தை உடைக்கிறது. கார்பனும் இப்படித்தான். அதை வேகமாக்கிப் புற்றுக்கட்டியின் மேல் பாய்ச்சுவதுதான் எங்கள் சிகிச்சை; அதற்கு முதலில் அதன் எலக்ட்ரான்களை உரிக்க வேண்டும். ஆறு எலக்ட்ரானில் நாலாவதைக் கழற்ற 64 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலை அளக்கும் அலகு) போதும். ஐந்தாவதுக்கு 392 வேண்டும்.

சோர்ஸ் என்று நாங்கள் சொல்லும் பெட்டிக்குள் மீத்தேனை விட்டு, காந்தத்துக்கு நடுவே மைக்ரோவேவைப் பாய்ச்சுவோம். எலக்ட்ரான் சுற்றும் கணக்கும் அலை துடிக்கும் கணக்கும் ஒத்துப்போனால் எலக்ட்ரான் வெறிபிடித்து ஓடி, கார்பனை மோதி மோதி உரிக்கும். நாலு கழன்றதும் வெளியே இழுத்துவிடுவோம். மிச்ச இரண்டையும் அங்கேயே உரிக்கப் பார்த்தால் அயனி, அதாவது எலக்ட்ரான் இழந்த அணு, சொற்பமாகத்தான் தேறும். முதல் முடுக்கியில் வேகம் பிடித்த பிறகு ஒரு மெல்லிய கரித்தகட்டுக்குள் பாயவிட்டால் அந்த இரண்டும் கழன்றுவிடும். சவ்வு வராத பூண்டை அம்மா வெந்நீரில் போடுகிறாள் அல்லவா, அந்த மாதிரி.

கார்பன் எதற்கு என்றால், எக்ஸ்ரே போகிற வழியெல்லாம் சூடு வைத்துக்கொண்டே போகும். கார்பன் நிற்கிற இடத்தில்தான் பெரும்பாலும் கொட்டும். ஜப்பானில் சிபா நகரத்தில் 1994 முதல் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

மீத்தேனில் ஒரு தொல்லை, சுவரில் கரி படியும். நான் முன்பு இருந்த இடத்தில் ஒருநாள் காலை பீம், அதாவது சோர்ஸிலிருந்து வரும் அயனிக் கற்றை, ஆட ஆரம்பித்துவிட்டது. மதியம் வரை சிகிச்சை இல்லை. வெளியே ஒரு பெரியவர் யாரையும் எதுவும் கேட்காமல் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் எனக்கு யார் எவ்வளவு மைக்ரோஆம்பியர் பீம் எடுத்தார்கள் என்பதில் ஆர்வம் போய்விட்டது. சோர்ஸ் மாதக்கணக்கில் திறக்காமல் ஓடுகிறதா, அதைச் சொல்லு என்பேன். ஜப்பானின் குன்மா பல்கலைக்கழகத்தில் நிரந்தரக் காந்தத்தை வைத்தே 10 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் சோர்ஸ் ஓட்டுகிறார்கள். காந்தச் சுருளும் இல்லை, அதற்குக் கரண்டும் வேண்டாம். கெட்டுப்போக ஒரு சாமான் குறைவு!

சரி, பெரியம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டதா? டாக்டர் என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுது. வத்தலக்குண்டு பஸ்ஸில் இரண்டு கிலோ பூண்டு கொடுத்தனுப்புகிறேன். உரிப்பது உன் பாடு.

அன்புடன்,
பாண்டி