கொலோனில் இருக்கும் சிவாவுக்கு

யாழ்ப்பாணம்

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது. உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

நீ கேட்ட என் டொச் (ஜெர்மன் மொழி) வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். பின்னேரம் வருகிறவர்களில் கனபேர் கல்யாணம் முடித்து விசாவுக்குக் காத்திருக்கும் பெண் பிள்ளைகள். ஜெர்மனியில் இருக்கும் துணைவரிடம் போக ஏ1 என்ற ஆரம்பநிலை மொழிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும் என்ற சட்டம் 2007இல் வந்ததல்லவா, அதற்காகத்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள், எதையும் ஒரே இரவில் பாடமாக்கிவிடுவார்கள். ஆனால் ஒன்றுபோலத் தெரியும் சொற்களில் வந்து தடுமாறுகிறார்கள். எல்லாச் சொல்லையும் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

குறில் நெடில் மட்டும் என்றால் தமிழ் நல்ல துணை. 'ஷ்டட்' நகரம், 'ஷ்டாட்' அரசு. கல்லையும் காலையும் பிரித்துக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. சிக்கல், மேலே இரண்டு புள்ளி வைத்த எழுத்துகளில்தான். 'ஷோன்' என்றால் ஏற்கனவே. அதே சொல்லில் ஓவுக்கு மேல் புள்ளி வைத்தால் அழகான என்று பொருள். கொப்பியில் இரண்டும் ஷோன்தான்! அதனால் கொப்பியை மூடச் சொல்லிவிட்டு வாயைக் கவனிக்கச் சொல்கிறேன். 'ஏ' என்று இழுத்துச் சொல்லு, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஓ'வுக்குக் குவி. அந்தச் சத்தம் வந்துவிடும். 'ஈ'யைப் பிடித்துக்கொண்டு 'ஊ'வுக்குக் குவித்தால் புள்ளி வைத்த ஊ. போன கிழமை ஒரு பிள்ளை ஃபோன் கமராவில் தன் உதட்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். சரியாக வந்ததும் வகுப்பே கைதட்டியது.

அப்புறம் 'கிர்ஹெ' தேவாலயம், 'கிர்ஷெ' செரிப் பழம். பாஷையூர்ப் பிள்ளைகள் ஞாயிறு பூசையைப் பற்றிச் சொல்ல முதல் சொல் வேண்டும். 'ய்' சொல்ல நாக்கை வைத்து, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் விடப் பழக்குகிறேன். உங்கள் கொலோன் பக்கத்து ஆட்கள் பலர் இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். அங்கிருந்து கணவர்மார் ஃபோனில் சொல்லிக்கொடுக்கும்போது இந்தப் பிள்ளைகளுக்கு வித்தியாசமே பிடிபடுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 'உம்ஃபாரன்'. எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை. 'உம்'மை அழுத்தினால் வாகனத்தால் இடித்து வீழ்த்துவது, 'ஃபா'வை அழுத்தினால் சுற்றிக்கொண்டு போவது. தமிழில் அழுத்தம் மாறினால் சொல்லின் பொருள் மாறாது, ஆகவே நம் காது அதைத் தேடுவதே இல்லை. ஏ1 பரீட்சைக்குத் தேவையில்லாவிட்டாலும் இதைச் சொல்லிக்கொடுக்காமல் விடமாட்டேன்.

'ஸே' என்ற சொல்லுக்கு முன்னால் 'டெர்' வந்தால் ஏரி, 'டீ' வந்தால் கடல். ஆண்பால் பெண்பாலைப் பாடமாக்கி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

ஒரு உதவி வேண்டும், மச்சான். உன் மூத்த மகள் ஹனோவரில்தானே படிக்கிறாள்? இந்தச் சொற்களை மெதுவாக ஒருமுறை, அங்கே கதைக்கிற வேகத்தில் ஒருமுறை சொல்லிப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லு. அடுத்த மாதம் பரீட்சைக்குக் கொழும்பு போகிறவர்களுக்கு அதற்கு முன் போட்டுக்காட்ட வேண்டும்.

அன்புடன்,
ரவி