வாக்கெடுப்புக்கு முன்பே சட்டம் வேண்டும்

ஆசிரியருக்கு,

1898 முதல் அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோ என்ற கரீபியன் தீவில், அமெரிக்க மாநிலமாவதா, தனி நாடாவதா என்பது போன்ற எதிர்கால நிலை குறித்து 1967-லிருந்து ஏழு முறை வாக்கெடுப்பு நடந்துவிட்டது. எதுவும் அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தவில்லை. 2017-இல் 97 சதவீத வாக்குகள் மாநிலத் தகுதிக்கே விழுந்தன. ஆனால் எதிர்த்தரப்பு புறக்கணித்ததால் வாக்களித்தவர்களே 23 சதவீதம்தான். இப்படிக் கேட்பது மக்களை அலைக்கழிப்பதாகும்.

அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த எங்கள் குமரி, வாக்குச்சீட்டால் தமிழகத்தோடு இணையவில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையில் இணைப்புப் போராட்டத்தின்போது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோன பிறகே, 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் வந்து சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் கிடைக்கவில்லை.

எந்த முடிவு வந்தாலும் நிறைவேற்றுவோம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் முதலில் சட்டம் இயற்றட்டும்; அடுத்த வாக்கெடுப்பை அதற்குப் பிறகு நடத்தட்டும்.

– வாசகர், மார்த்தாண்டம்